ஃப்ராங்கன்ஸ்டைன் ரசிகருக்கு வீட்டிலேயே செய்யும் வாசனைப் பரிசு: மெழுகுவர்த்தி, டிஃப்யூசர், பட்டுப்பை

ஃப்ராங்கன்ஸ்டைன் நாவலை எழுதிய மேரி ஷெல்லியைப் பிடித்துப்போன ஒருவருக்கு அவருடைய வாழ்க்கையிலிருந்தும் நாவலிலிருந்தும் எடுத்த வாசனையில் பரிசு செய்து கொடுப்பதுதான் வேலை. மூன்று பொருள்: ஒரு மெழுகுவர்த்தி, குச்சி வழியே மணம் பரப்பும் ஒரு ரீட் டிஃப்யூசர், அலமாரியில் வைக்க ஒரு பட்டுப்பை. நான் செய்ததையும், என்னிடம் கற்றுக்கொள்ள வந்தவர்கள் எங்கெங்கே இடறினார்கள் என்பதையும் வைத்து எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் வாங்குவது ஜாடியைத்தான். மண்டையோட்டு மூடி, கறுப்பு லேபிள், கோதிக் எழுத்து என்று எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, "உள்ளே என்ன வாசனை ஊற்றலாம்?" என்று யோசிப்பார்கள். வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் காட்சி, பிறகு கலவை, பிறகு திரி. ஜாடியின் அலங்காரம் கடைசி.

1. முதலில் நாளை எண்ணுங்கள்

பரிசு கொடுக்கும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். மூன்றையும் செய்ய ஆறு வாரம் வேண்டும். வேலை நேரம் மொத்தமே இரண்டு நாள்தான். மீதியெல்லாம் காத்திருப்பு.

பட்டுப்பையின் கலவை மூடிய ஜாடியில் நான்கு வாரம் ஊற வேண்டும். சோயா மெழுகுவர்த்தி ஊற்றியபின் இரண்டு வாரம் இருந்தால்தான் வாசனை மெழுகோடு சேர்ந்து பிடிக்கும். சோதனைக்கு ஒரு முறை, பரிசுக்கு ஒரு முறை என்று அதுவே நான்கு வாரம். நடுவில் எரித்துப் பார்க்க ஒரு வாரம், கலவைகளுக்கு ஒரு வாரம்.

ஆகவே பட்டுப்பைக் கலவையை முதல் வாரமே போட்டு மூடிவிடுங்கள். சுலபமான வேலை என்று அதைக் கடைசிக்குத் தள்ளுபவர்கள் அதிகம். கடைசி நாளில் போட்டால் பட்டுத்துணிக்குள் வைக்கோல் வாசனைதான் வரும். பத்து நாள்தான் இருக்கிறது என்றால் டிஃப்யூசர் மட்டும் செய்யுங்கள், அவசரத்தில் மெழுகுவர்த்தியைத் தொடாதீர்கள்.

2. ஒரு பொருளுக்கு ஒரே ஒரு காட்சி

"அக்கா, இது பிணவறை மாதிரி வாசனை வரணும்ல?" என்று ஒரு பெண் கேட்டாள். வரக்கூடாதும்மா. பரிசு வாங்குபவர் அதை வரவேற்பறையில் வைக்கப்போகிறார். பயத்தை மூக்கில் ஏற்றுவது நம் வேலை இல்லை. அந்தக் காட்சியில் நிற்கும் ஒருவருக்கு என்ன மணக்கும் என்று காட்டினால் போதும்.

நாவலிலேயே வாசனைக்கு இடம் இருக்கிறது. விக்டர் என்ற மாணவன் செய்து, உயிர் பெற்ற படைப்பு தன் கதையைச் சொல்லத் தொடங்கும்போது, பார்ப்பது, தொடுவது, கேட்பது, முகர்வது எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒரே நேரத்தில் வந்து மோதியதாகச் சொல்கிறது. பிறகு வசந்தம் வரும்போது ஆயிரம் மணங்கள் தன் புலன்களுக்கு இதமாக இருந்ததாகவும் சொல்கிறது. இந்தப் பகுதிகளைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சினிமாவை நினைத்துக்கொண்டு தொடங்காதீர்கள்.

நான் எடுத்துக்கொண்ட மூன்று காட்சிகள்:

மெழுகுவர்த்திக்கு, படைப்பு கண் திறக்கும் அந்த நவம்பர் இரவு. ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட்டில் விக்டரின் ஆய்வறை. இரவு ஒரு மணி, கண்ணாடியில் மழை, எரிந்து முடியப்போகிற மெழுகுவர்த்தி. கதையிலேயே மெழுகுவர்த்தி இருப்பதால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

டிஃப்யூசருக்கு, 1816 ஜூன், ஜெனிவா ஏரிக்கரை. முந்தைய ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததில் வானில் பரவிய துகள்களால் ஐரோப்பாவுக்கு அந்த வருடம் கோடையே இல்லை. மழைக்கு ஒதுங்கி, ஏரிக்கரையின் கொலோனியில் கவிஞர் பைரன் வாடகைக்கு எடுத்திருந்த வில்லா டியோடாட்டியில் மேரியும் நண்பர்களும் கணப்பைச் சுற்றி உட்கார்ந்தபோதுதான் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்ற பேச்சு வந்தது. நாவல் பிறந்தது அதிலிருந்துதான். மேரிக்கு அப்போது 18 வயது. அவர் தங்கியிருந்தது டியோடாட்டியில் அல்ல, பக்கத்து வீட்டில். லேபிளில் "மேரி ஷெல்லி வாழ்ந்த வில்லா" என்று எழுதிவிடாதீர்கள்.

பட்டுப்பைக்கு, அவருடைய எழுதுமேசை. 1851-இல் அவர் இறந்தபின் அதைத் திறந்தபோது, இறந்துபோன பிள்ளைகளின் தலைமுடியும், கணவர் பெர்சி ஷெல்லியின் கவிதை அச்சிட்ட தாளும், அதோடு பட்டில் பொதிந்த சாம்பலும் இருந்தன. பெர்சியின் இதயத்தில் எஞ்சியதும் அதில் இருந்ததாகச் சொல்வார்கள். அலமாரிக்குள் வைக்கும் பட்டுப்பைக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

நாவலில் வரும் வடதுருவப் பனியை வைத்து நான்காவதாக ஒன்று செய்யலாம் என்று எல்லோருக்கும் ஆசை வரும். புதினாவும் கற்பூரமும் போட்டு நானும் செய்தேன். மூக்கடைப்புக்குத் தேய்க்கும் தைலம்தான் வந்தது. விட்டுவிட்டேன்.

3. தேவையான சாமான்கள்

0.1 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு. இது இல்லாமல் தொடங்கவே வேண்டாம். வாசனை எண்ணெய் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அடர்த்தி. சொட்டுக் கணக்கிலோ மில்லி கணக்கிலோ அளந்தால் இன்று வந்த வாசனை நாளை வராது.

சமையல் தெர்மாமீட்டர், மூக்குள்ள எவர்சில்வர் குவளை, அதை உள்ளே வைக்க அகலப் பாத்திரம், கண்ணாடி மருந்துச் சீசாக்கள் ஆறேழு, சொட்டுக்குழாய்கள், முகர்ந்து பார்க்க வெள்ளைக் காகிதத்தை விரல் அகலத்துக்கு நறுக்கிய பட்டைகள். மெழுகுக்கென்று எடுத்த குவளை மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது.

ஜாடியில் ஊற்றுவதற்கான சோயா மெழுகு ஒரு கிலோ, தேன்மெழுகு 100 கிராம். தேன்மெழுகுக்குக் காரணம் இருக்கிறது, ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன்.

வாசனைக்கு மெழுகுவர்த்திக்கென்றே விற்கும் ஃப்ராக்ரன்ஸ் ஆயில் வாங்குங்கள். அகர்பத்திக்கான எண்ணெயும் உடம்புக்குப் பூசும் அத்தரும் மெழுகில் சரியாகக் கலக்காமல் அடியில் தங்கிவிடலாம். வாங்க வேண்டியவை: மண்வாசனை, தேவதாரு, தோல், புகை, வெட்டிவேர், பைன், நீர்வாசனை, ஜூனிபர்.

திரியை ஜாடியின் உள்விட்டத்தைச் சொல்லி வாங்குங்கள். கடைக்காரர் சொல்லும் அளவோடு, அதற்கு ஒரு அளவு மேலும் ஒரு அளவு கீழும் சேர்த்து மூன்று வகை.

4. கலவை: மூக்குக்கு வேலை

சீசாவைத் திறந்து முகராதீர்கள். ஒவ்வொரு எண்ணெயையும் தனித்தனிக் காகிதப் பட்டையில் ஒரு சொட்டு வைத்து, பெயரை எழுதி, பத்து நிமிடம் விடுங்கள். திறந்ததும் தூக்கியடிப்பது மேல்வாசனை, அது சீக்கிரம் போய்விடும். பத்து நிமிடம் கழித்து நிற்பதுதான் அறையில் தங்கும்.

பிறகு இரண்டு மூன்று பட்டைகளை விசிறி மாதிரி விரித்துப் பிடித்து மூக்குக்குச் சற்றுத் தள்ளி ஆட்டுங்கள். கலந்தால் என்ன வரும் என்று எண்ணெயை வீணாக்காமலே தெரிந்துவிடும். புகைப் பட்டையை மட்டும் ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். அப்படியும் அது முன்னால் வந்து நின்றால், கலவையில் அதற்கு எவ்வளவு சிறிய பங்கு போதும் என்று புரிந்துவிடும்.

மெழுகுவர்த்திக்கு 50 கிராம் கலவை: மண்வாசனை 20, தேவதாரு 15, தோல் 10, புகை 2.5, வெட்டிவேர் 2.5 கிராம். மழைக்கு மண்வாசனை, அறையின் மரத்துக்குத் தேவதாரு, புத்தக அட்டைக்குத் தோல், அணையப்போகும் திரிக்குப் புகை. வெட்டிவேர் அடியில் நின்று மற்றதைப் பிடித்துவைக்கும்.

பழைய புத்தக வாசனை என்று வெனிலா சேர்க்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. இங்கே அது பொருந்தாது. பழம்புத்தகத்தில் வரும் அந்த வெனிலா சாயல் மரக்கூழ்க் காகிதத்தில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் சிதைவதால் வருவது. 1818-இல் இந்த நாவல் அச்சானபோது காகிதம் கந்தல் துணியிலிருந்து செய்தது. மரக்கூழ்க் காகிதம் பரவியது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து. அதனால்தான் வெனிலாவை எடுத்துவிட்டுத் தோலை வைத்தேன். நாவலைக் கரைத்துக் குடித்தவருக்குப் பரிசு கொடுக்கும்போது இந்த மாதிரி ஒரு விஷயம்தான் பேச்சைத் தொடங்கிவைக்கும்.

இன்னொன்று. ஃப்ராங்கன்ஸ்டைன் என்ற பெயரின் ஒலியைப் பிடித்துக்கொண்டு ஃப்ராங்கின்சென்ஸ், அதாவது குந்திரிக்கம், போடுகிறார்கள். சிலேடைக்காக வாசனை சேர்த்தால் அந்த ஆய்வறை தேவாலயம் ஆகிவிடும். குந்திரிக்கத்துக்கு மேரியின் வாழ்க்கையில் உண்மையாகவே ஓர் இடம் இருக்கிறது, ஆனால் அது பட்டுப்பையில்.

கலவையைச் சீசாவில் ஊற்றி, குலுக்கி, இருட்டான இடத்தில் ஐந்து நாள் வையுங்கள். முதல் நாள் எண்ணெய்கள் தனித்தனியாக மணக்கும். ஐந்தாம் நாள் ஒன்றாக மணக்கும். முதல் நாள் முகர்ந்துவிட்டு "புகை பத்தவில்லை" என்று இன்னும் கொஞ்சம் ஊற்றியவர்களின் மெழுகுவர்த்தி எல்லாம் கருகிய அடுப்பு வாசனைதான்.

5. நிறமும் உருவமும்: படத்தை மறந்துவிடுங்கள்

பச்சை நிற மெழுகு, கழுத்தில் போல்ட், தட்டையான நெற்றி எதுவும் நாவலில் இல்லை. கழுத்துப் போல்ட்டும் தட்டைத் தலையும் 1931-இல் வந்த ஹாலிவுட் படத்தின் ஒப்பனை. மேரி எழுதியது வேறு: அடியில் இருக்கும் தசையையும் நாளத்தையும் மறைக்கப் போதாத மஞ்சள் தோல், பளபளக்கும் கறுப்பு முடி, முத்துப் பல், கறுத்த உதடு.

அந்த மஞ்சளுக்காகத்தான் தேன்மெழுகு. சாயம் போடத் தேவையில்லை. சோயாவில் பத்தில் ஒரு பங்கு வடிகட்டாத தேன்மெழுகு சேர்த்தால் வெளிறிய மஞ்சள் தானாக வரும். அதன் உருகுநிலை சோயாவைவிட அதிகம் என்பதால் வெயில் காலத்தில் மெழுகு இளகி எண்ணெய் வியர்ப்பதும் கொஞ்சம் குறையும். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு அது முழுப் பரிகாரம் இல்லை. ஏப்ரல், மே மாதத்தில் கூரியரில் அனுப்பாதீர்கள், கையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கறுப்பு மெழுகுவர்த்தி வேண்டுமென்று கரித்தூள் போடுவதும் வழக்கமான தவறு. தூள் திரியின் இழைகளை அடைத்துவிடும், சுடர் பத்து நிமிடத்தில் குன்றிவிடும். காய்ந்த ரோஜா, கிழிந்த புத்தகத்தாள் இவற்றை மேலே பதிப்பதும் வேண்டாம். சுடர் இறங்கும்போது அவை பற்றிக்கொள்ளும்.

6. ஜாடியைத் தேர்வதும் அளப்பதும்

தடித்த, சூடு தாங்கும் கண்ணாடி. பக்கச்சுவர் நேராக இருக்க வேண்டும். கோதிக் என்றதும் எல்லோரும் வாங்கும் ஒயின் கிண்ண வடிவம் கண்ணுக்கு அழகு, ஆனால் மேலே அகலம், கீழே குறுகல். மேலே சரியாக எரியும் திரி கீழே போகப் போகக் கண்ணாடியை அளவுக்கு மேல் சூடாக்கும். மெருகில்லாத மண்சட்டியும் ஆகாது, எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும்.

ஜாடியைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் கீழ்வரை தண்ணீர் ஊற்றுங்கள். 200 கிராம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மெழுகு தண்ணீரைவிட லேசானது, 0.86-ஆல் பெருக்குங்கள்: 172 கிராம். இது மெழுகும் எண்ணெயும் சேர்ந்த எடை.

எண்ணெய் மெழுகின் எடையில் 8 சதவீதம். 172-ஐ 1.08-ஆல் வகுத்தால் மெழுகு 159 கிராம், எண்ணெய் 12.7 கிராம். மெழுகில் 143 கிராம் சோயா, 16 கிராம் தேன்மெழுகு. மூன்று சோதனை மெழுகுவர்த்திக்கு 38 கிராம் கலவை போகும். 50 கிராமில் மீதி இருப்பதைப் பரிசுக்கென்று மூடிவையுங்கள். அது ஒரு மெழுகுவர்த்திக்கு மயிரிழையில் பற்றாமல் போகலாம். சிந்தும் கை உள்ளவர்கள் முதலிலேயே 60 கிராமாகக் கலந்துகொள்ளுங்கள்.

எண்ணெயைக் கூட்டினால் மணம் கூடும் என்பது பொய்க்கணக்கு. மெழுகு ஒரு அளவுக்குமேல் எண்ணெயைத் தாங்காது. மிஞ்சியது மேலே வியர்வையாக நிற்கும், திரியும் புகையும்.

ஜாடியைக் கழுவி ஈரம் துளியும் இல்லாமல் காயவிடுங்கள். திரியின் தகட்டை அடிநடுவில் ஒட்டி, மேலே இரண்டு குச்சிகளுக்கு நடுவே நிமிர்த்திப் பிடிக்கவையுங்கள். திரி ஓரமாகச் சாய்ந்தால் அந்தப் பக்கக் கண்ணாடி மட்டும் சூடேறி விரிசல் விடலாம்.

7. உருக்கி ஊற்றுதல்

தேன்மெழுகை முதலில் போடுங்கள், உருகி முடிந்தபின் சோயாவைச் சேருங்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் தேன்மெழுகு கரைவதற்குள் சோயா தேவைக்குமேல் காய்ந்துவிடும். பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து வெந்நீர்ச் சூட்டில்தான் உருக்க வேண்டும். நேரடித் தீயில் வைத்தால் மெழுகு எப்போது பற்றும் என்று சொல்ல முடியாது. பற்றிவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள்.

80 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்குங்கள். அந்தச் சூட்டிலேயே கலவையை ஊற்றி, முழுதாக இரண்டு நிமிடம் மெதுவாகக் கிளறுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கிளறுங்கள், நம் மனத்தில் இரண்டு நிமிடம் என்பது நாற்பது விநாடிதான். கிளறல் குறைந்தால் எண்ணெய் அடியில் தங்கி, பாதி எரிந்தபின் திடீரென்று மூக்கைத் துளைக்கும். வேகமாக அடித்தால் காற்றுக்குமிழ் ஏறும்.

பிறகு ஆறவிடுங்கள். 60 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே, மெழுகு இன்னும் கண்ணாடியாகத் தெளிவாக இருக்கும்போது, ஜாடியின் சுவரை ஒட்டி மெல்லிய ஒழுக்காக ஊற்றுங்கள். மெழுகு விற்பவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள். ரொம்பச் சூடாக ஊற்றினால் நடுவில் குழி விழும், ரொம்ப ஆறி ஊற்றினால் மேற்பரப்பு கரடுமுரடாகும்.

ஊற்றியபின் மின்விசிறியை நிறுத்துங்கள். ஜாடியை நகர்த்தாதீர்கள், ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். என் முதல் ஜாடியை அவசரத்தில் ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் மெழுகு சுவரைவிட்டுச் சுருங்கித் தனியாக ஆடியது, உள்ளே இருந்த தயிருக்கும் தேவதாரு மணம்.

மூன்று ஜாடிகளில் மூன்று திரி அளவுகள். அடியில் அளவை எழுதி ஒட்டி, மூடிபோட்டு இரண்டு வாரம்.

8. எரித்துப் பார்த்தல்

புதியவர்கள் தாண்டிக்குதிக்கும் படி இதுதான். மெழுகுவர்த்தி கெட்டுப்போவது வாசனையால் அல்ல, திரியால்.

திரியை 5 மில்லிமீட்டருக்கு வெட்டி, காற்றாடாத இடத்தில் மூன்றையும் ஏற்றுங்கள். மணிக்கொரு தரம் குறித்துக்கொள்ளுங்கள்: உருகிய வட்டம் எவ்வளவு அகலம், சுடர் ஆடுகிறதா, கண்ணாடியில் கரி படிகிறதா, ஜாடியைத் தொட முடிகிறதா. நான்கு மணி நேரத்தில் அணைத்து, நன்றாக ஆறியபின் மறுநாள் திரியை வெட்டி மறுபடி.

ஏழு சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள ஜாடியில் மூன்று மணி நேரத்துக்குள் உருகிய மெழுகு விளிம்பைத் தொட வேண்டும், ஆழம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. விளிம்பைத் தொடாமல் நடுவில் கிணறு தோண்டினால் திரி சிறியது. சுடர் உயர்ந்து கரி கக்கினால், திரிநுனியில் காளான் மாதிரிக் கருங்கொண்டை வந்தால், திரி பெரியது. ஜாடி பாதி காலியான பிறகும் ஒழுங்காக எரிவது எதுவோ அதுதான் உங்கள் திரி. தேன்மெழுகு சேர்த்ததால் பெரும்பாலும் ஒரு அளவு பெரியதுதான் சரியாக வரும்.

வாசனையைப் பக்கத்தில் உட்கார்ந்து சோதிக்காதீர்கள், மூக்கு பழகிவிடும். ஒரு மணி நேரம் எரியவிட்டு, அறையில் யாரையாவது இருக்கச் சொல்லிவிட்டு, வெளியே ஒரு நடை போய்வந்து கதவைத் திறங்கள். முதல் மூச்சில் என்ன வருகிறதோ அதுதான் பரிசு வாங்குபவருக்கும் வரும். எனக்கு முதலில் ஈரமண், ஒரு நொடி கழித்துத் தோல், திரும்பிப் போகும்போது மெல்லப் புகை. புகை முதலில் வந்தால் அடுத்த கலவையில் அதைப் பாதியாக்குங்கள்.

இதற்குப் பிறகுதான் பரிசு ஜாடியை ஊற்ற வேண்டும். மறுபடி இரண்டு வாரம்.

9. டியோடாட்டி டிஃப்யூசர்

இதில் சூடு இல்லை. ஆகவே மெழுகுவர்த்தியின் கலவையையே ஊற்றினால் கனமான எண்ணெய்கள் குச்சியில் ஏறாமல் அடியில் நிற்கும். லேசானவை வேண்டும்.

25 கிராம் கலவை: பைன் 9, நீர்வாசனை 7, ஜூனிபர் 4, தேவதாரு 4, புகை 1 கிராம். ஏரி, நனைந்த ஊசியிலை மரம், உள்ளே கணப்பு. இதை 75 கிராம் டிஃப்யூசர் பேஸில், அதாவது எண்ணெயைக் குச்சியில் ஏறவைக்கும் திரவத்தில், கலந்து, கழுத்து குறுகிய சீசாவில் ஊற்றுங்கள். வாய் அகலமானால் குச்சி வழியே போவதைவிட நேரே ஆவியாவது அதிகம்.

பேஸுக்குப் பதில் தேங்காயெண்ணெயோ பாதாம் எண்ணெயோ ஊற்றலாம் என்பார்கள். கெட்டியாக இருப்பதால் ஏறவே ஏறாது. குச்சியும் பிரம்பாக இருக்க வேண்டும், மூங்கில் அல்ல. பிரம்புக்குள் நீளவாக்கில் நுண்குழாய்கள் ஓடுகின்றன, மூங்கிலில் கணு குறுக்கே நிற்கும்.

ஆறு குச்சி போதும். ஒரு நாள் கழித்துத் தலைகீழாக்குங்கள், பிறகு வாரம் ஒருமுறை. சீசாவுக்கு அடியில் ஒரு தட்டு கொடுங்கள், சிந்தினால் மேசையின் வார்னிஷ் உரிந்துவிடும்.

10. பட்டுப்பை

உலர்ந்த லாவெண்டர் 40 கிராம், தேவதாரு மரச்சீவல் 25, ஓரிஸ் வேர்ப்பொடி 5, இடித்த குந்திரிக்கம் 5. ஐந்து பைக்கு வரும். ஓரிஸ் என்பது ஐரிஸ் செடியின் காய்ந்த கிழங்கு. மற்ற மணங்களைப் பறக்கவிடாமல் பிடித்துவைக்கும். கிடைக்காவிட்டால் பொடியாக நறுக்கிய வெட்டிவேர் போடுங்கள்.

குந்திரிக்கம் ஏன் இங்கே? 1822 ஜூலை 8 அன்று பெர்சி ஷெல்லி இத்தாலியில் படகு கவிழ்ந்து இறந்தார். ஆகஸ்டில் வியாரெஜியோ கடற்கரையில் உடலை எரித்தபோது நண்பர்கள் சிதையில் குந்திரிக்கமும் உப்பும் ஒயினும் போட்டார்கள். மேரி அங்கே வரவில்லை. பட்டில் பொதிந்து மேசைக்குள் இருந்தது அந்தச் சிதையின் சாம்பல்.

கடையில் கேட்கும்போது கவனம். சாம்பிராணி என்று கேட்டால் தருவது வேறு பிசின். குந்திரிக்கம் என்றே கேளுங்கள், வெளிர்மஞ்சளாகக் கண்ணீர்த்துளி வடிவில் இருக்கும்.

எல்லாவற்றையும் கலந்து மூடிய கண்ணாடி ஜாடியில் நான்கு வாரம், வாரம் இருமுறை குலுக்கி வையுங்கள். பொருள்கள் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பூஞ்சை பிடிக்கும். பிறகு உள்ளே ஒரு மல்துணிப்பையில் 15 கிராம் போட்டுத் தைத்து, அதை வெளிப்பட்டில் இடுங்கள். நேராகப் பட்டில் கொட்டினால் பொடி நெசவு வழியே உதிர்ந்து சட்டையில் ஒட்டும்.

11. லேபிள்

படைப்புக்கு நாவலில் பெயர் கிடையாது. ஃப்ராங்கன்ஸ்டைன் என்பது அதைச் செய்த விக்டரின் குடும்பப் பெயர். "ஃப்ராங்கன்ஸ்டைனின் மஞ்சள் தோல்" என்று மெழுகுவர்த்திக்குப் பெயர் வைத்தீர்கள் என்றால், வாசித்தவர் சிரித்துவிடுவார். காட்சியின் பெயரை மட்டும் போடுங்கள்: "நவம்பர், இரவு ஒரு மணி".

1818 ஜனவரி 1 அன்று வந்த முதல் பதிப்பில் ஆசிரியர் பெயரே இல்லை. மேரியின் பெயர் 1823 பதிப்பில்தான் வந்தது. அதனால் நான் முன்பக்கம் காட்சியின் பெயரை மட்டும் வைத்து, மேரி ஷெல்லியின் பெயரை ஜாடியின் அடியில் ஒட்டுகிறேன். கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பவருக்குத் தெரிந்தால் போதும்.

அடியில் இன்னொரு சீட்டும் கட்டாயம் வேண்டும்: ஒவ்வொரு முறையும் திரியை 5 மில்லிமீட்டருக்கு வெட்டவும். முதல் முறை மெழுகு விளிம்புவரை உருகும்வரை அணைக்க வேண்டாம். நான்கு மணி நேரத்துக்குமேல் எரிக்க வேண்டாம். ஆளில்லாமல் விட வேண்டாம். திரைச்சீலை, குழந்தைகள், மின்விசிறிக் காற்று இவற்றிலிருந்து தள்ளி வைக்கவும். அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு மிஞ்சும்போது நிறுத்தவும்.

மூன்றையும் ஒரே பெட்டியில் திறந்தபடி வைத்துவிடாதீர்கள், ஒன்றின் மணம் மற்றதில் ஏறிவிடும். மெழுகுவர்த்திக்கு மூடி, பட்டுப்பைக்கு ஒட்டும் வாயுள்ள பிளாஸ்டிக் உறை, டிஃப்யூசர் சீசாவுக்கு இறுக்கமான தக்கை. குச்சிகளைத் தனியாகக் கட்டிவையுங்கள். வாங்குபவர் தன் வீட்டில் செருகிக்கொள்ளட்டும்.